சும்மா இருந்த தட்டு

சும்மா கிடப்பதைச் சும்மா விடத் தெரியாதவர்கள் சிலர் உண்டு. பெட்டியக்கா அந்த ரகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எவளோ பெற்ற பிள்ளை அழுதால் இவளுடைய முழங்கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். அடுத்த வீட்டுக் கொடியில் துணி முறுக்கிக்கொண்டு கிடந்தால் எட்டிப் பிரித்துவிட்டுத்தான் போவாள். நல்ல குணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று பெரியவர்கள் வேலையில்லாமலா சொல்லி வைத்தார்கள்?

பெட்டியக்கா என்ற பெயர் வேலையால் வந்தது. எலும்பைப் பற்றி ஆராயும் கூடம் ஒன்றில் பன்னிரண்டு வருஷமாக அவள் உதவியாளர். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, ஆவியில் வைத்துக் கிருமி போக்குவது, தரை துடைப்பது எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் சூட்டுப்பெட்டி. பார்க்கச் சின்ன ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே குளிர் கிடையாது. மனித உடம்பின் சூடுதான், முப்பத்தேழு டிகிரி, கூடவும் கூடாது குறையவும் கூடாது. அந்தச் சூட்டில் மூடி போட்ட தட்டுகளில் எலும்புச் செல்கள் வளரும். காலையும் மாலையும் பெட்டியைத் திறந்து, அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சூட்டைக் குறித்து வைப்பது அவள் பொறுப்பு. மற்றவர்கள் பூட்டைச் சரிபார்ப்பது போல அவள் வீட்டுக்குக் கிளம்பும்முன் பெட்டிக் கதவை இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பாள்.

அவள் கணவருக்குப் பீரோக்காரர் என்று பெயர். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்குவது தொழில். மூன்று ஆள் தூக்கும் இரும்பு பீரோவை, அகலமான வார் ஒன்றைத் தோளில் மாட்டி, முதுகில் ஏற்றி, ஒற்றை ஆளாக நாலு மாடி இறக்கிவிடுவார். வலது தோளில் வார் பதிந்த இடம் செருப்புத் தோல் போலக் காய்த்திருந்தது. குதிகால் அதற்கும் மேல். "என் கால்ல ஆணி குத்தினா ஆணிக்குத்தான் வலிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள், மூன்றாவது மாடித் திருப்பத்தில் யாரோ படி கழுவிவிட்டுத் துடைக்காமல் போயிருந்தார்கள். பீரோ கீழே வந்தது. அதற்கு முன்பே இவர் கீழே வந்திருந்தார். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே இருந்தது எதுவும் அதன்பின் அவருடையதாக இல்லை.

வீட்டுக்கு வந்த ஆறு மாதத்தில் தோளில் இருந்த காய்ப்பு உரிந்து போனது. குதிகால் மெத்தென்று பச்சைப் பிள்ளையின் பாதம் போல ஆனது. துடைத்துவிடும்போது பெட்டியக்கா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். "யார் காலைத் திருடிட்டு வந்து எனக்கு மாட்டியிருக்கே?" என்பார் அவர். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைத் திருப்பிப் போட வேண்டும். ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் தோல் செத்துப் புண்ணாகும். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் மாடி வீட்டுத் தையல்காரர் இறங்கி வந்து திருப்பிவிடுவார். ஒல்லியான மனிதர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். கூடப் பிறந்தவன்கூட அப்படிச் செய்ய மாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கண்ணாடி மேடம் வந்தாள். பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்யும் பெண், இருபத்தேழு வயது, முகத்தில் பாதியை மூக்குக்கண்ணாடி பிடித்திருக்கும். பெட்டியில் அவளுக்கு இரண்டு தட்டுகள். மேல் அடுக்கில் இருப்பதைத் தினமும் ஒரு மணி நேரம் ஆட்டும் மெஷினில் வைத்து எடுப்பாள். கீழ் அடுக்கில் இருப்பதை வைத்த இடத்திலேயே விட்டுவிடுவாள்.

"எதுக்கு மேடம் போட்டு ஆட்டறீங்க?" என்று பெட்டியக்கா கேட்டாள்.

"எலும்பு செத்த பொருள்னு நினைச்சிட்டிருக்கீங்க இல்ல? கிடையாதுக்கா. உள்ளே குட்டிக் குட்டிப் பொந்து. ஒவ்வொரு பொந்துலயும் ஒரு செல் உக்காந்திருக்கு. பக்கத்துல இருக்கிறதோட கை கோத்துக்கிட்டிருக்கு. கை போற வழியெல்லாம் தண்ணி. நீங்க ஒரு அடி வெச்சா எலும்பு துளியூண்டு வளையும். வளைஞ்சா அந்தத் தண்ணி ஓடும். ஓடற தண்ணி செல்லைத் தடவிட்டுப் போகும். ஆள் நடமாடறான், எலும்பு வேணும்னு அது புரிஞ்சுக்கும். கட்டறவங்களுக்குச் சொல்லி அனுப்பும். மெஷின்ல வெச்சு ஆட்டினா அதே மாதிரி தண்ணி ஓடும், அவ்வளவுதான்."

"ஆள் நடமாடலைன்னா?"

"தண்ணி ஓடாது. இவனுக்கு எலும்பு எதுக்குன்னு முடிவு பண்ணிடும். இடிக்கிறவங்களை வரச் சொல்லிடும்." சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. "அக்கா, நான் உங்க வீட்டுக்காரரை..."

"பரவாயில்ல மேடம். இந்தக் கீழ்த் தட்டு?"

"அது ஒப்பிட்டுப் பார்க்க. அதை மெஷின்ல மட்டும் வெச்சிடாதீங்க."

அன்று சாயங்காலம் பெட்டியக்கா வீட்டுக்குப் போனதும் தையல்காரரைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர், சாய்வுப் பலகையில் கட்டித் தினமும் நிற்க வையுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். அவ்வளவு தூரம் தினமும் யார் கொண்டுபோவது என்று விட்டிருந்தார்கள். இப்போது பழைய கதவு ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அடியில் பாதம் வைக்கக் கட்டை அடித்தார்கள். தையல்காரர் மெத்தைத் துணி வைத்துத் தைத்தார். கட்டுவதற்குப் பீரோக்காரரின் வாரே இருந்தது. மார்பு, இடுப்பு, முழங்கால் என்று மூன்று இடத்தில் இறுக்கி, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம்.

"இத்தனை நாள் நான் பீரோவைக் கட்டித் தூக்கினேன். இப்போ என்னையே பீரோவாக்கிட்டீங்க" என்று முதல் வாரம் முழுக்கத் திட்டினார்.

இரண்டாவது வாரம் அவர் கண்டுபிடித்தார், நின்றால் ஜன்னல் வழியாகத் தெரு தெரியும் என்று. படுத்தால் தெரிவது மின்விசிறியும் விட்டத்து விரிசலும்தான். நின்றால் கடை தெரிந்தது, சைக்கிள் தெரிந்தது, எதிர்க் கட்டடத்துக்குக் குடி வருகிறவர்களின் லாரி தெரிந்தது. "டேய் மஞ்ச சட்டை! குனிஞ்சா தூக்கறே? முழங்காலை மடக்குடா! என்னைப் பார்த்துமா புத்தி வரல?" என்று ஜன்னலில் இருந்து கத்துவார். தூக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நெஞ்சு நிமிர்ந்து நிற்கும் ஆள்தான் தெரியும், அந்தத் தூரத்துக்கு வார் தெரியாது. "சரிண்ணே" என்பார்கள். அந்தச் "சரிண்ணே"க்காகவே அவர் அரை மணி முன்பிருந்து "நிக்க வை, நிக்க வை" என்று நச்சரிக்க ஆரம்பித்தார். ஒரு வருஷம் இப்படி ஓடியது. அந்த வீட்டில் அதைவிட நல்ல வருஷம் பின்பு வரவில்லை.

அதே வருஷத்தில்தான் அவள் அந்தக் காரியத்தையும் செய்துகொண்டிருந்தாள்.

காலையில் பெட்டியைத் திறப்பாள். மேல் அடுக்கில் மெஷின் பார்த்த தட்டு. கீழ் அடுக்கில் யாரும் சீந்தாத தட்டு. அதில் இருப்பவையும் அதே செல்கள்தானே, அவற்றுக்கு மட்டும் என்ன பாவம் என்று முதல் நாள் பார்த்தாள். இரண்டாம் நாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் கை சும்மா இருக்கவில்லை. தட்டை மூடியோடு எடுத்து, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுவது போல, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெல்லச் சாய்த்தாள். உள்ளே செல்கள் ஊறும் இளஞ்சிவப்புத் தண்ணீர் ஓடிப் போய்த் திரும்பி வந்தது. ஐந்து நிமிஷம். "போதும், தூங்கு" என்று வைத்துவிட்டாள். மாலையில் இன்னொரு ஐந்து நிமிஷம். தட்டு மாறி வேறு தட்டு வந்தபோதும் விடவில்லை. மெஷினில் வைக்காதே என்றுதானே சொன்னார்கள், அவள் மெஷினில் வைக்கவே இல்லை. திருட்டுத்தனமாகவும் செய்யவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் அங்கே யாரும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

வருஷ முடிவில் கணக்குப் பார்த்தார்கள். அன்று கூடத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சாமான் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள்.

"என்னாச்சு மேடம்?"

"ஒரு வருஷம் போச்சுக்கா. ஆட்டினதும் ஒண்ணுதான், ஆட்டாததும் ஒண்ணுதான். ஒரு வித்தியாசமும் இல்ல."

பெட்டியக்கா ஒரு நல்ல துணியை எடுத்து அந்தப் பெண்ணின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள். அவளுடைய மூளை வேறு இடத்தில் இருந்தது. முந்தின வாரம்தான் பீரோக்காரர் பலகையில் நின்றபடியே மயங்கித் தலை தொங்கினார். அவரை இறக்கப் போய்த் தையல்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளுக்கும் ராத்திரியெல்லாம் முதுகு விண் விண் என்று தெறித்தது. இவ்வளவு பாடும் எதற்கு? படித்தவர்கள் ஒரு வருஷம் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுதான் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "இனிமே பலகை வேணாங்க. நின்னாலும் நிக்காட்டியும் எலும்புக்கு ஒண்ணுதானாம். ஆராய்ச்சியிலேயே சொல்லிட்டாங்க."

"எலும்பு கிடக்கட்டும். எனக்கு நிக்கணும்."

"மயக்கம் வருதே. விழுந்தா யாரு தூக்கறது? தையல்காரண்ணன் எழுந்திரிக்க முடியாம கிடக்காரு."

"அஞ்சு நிமிஷம் நிக்க வை. லாரி வந்திருக்கு, சத்தம் கேக்குது."

"சொன்னாக் கேளுங்க."

பத்து நாள் கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம், அந்த மனிதர் வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவர். பதினோராம் நாள் கேட்கவில்லை. கதவுப் பலகை மாடிக்குப் போய்த் தையல்காரருக்குத் துணி வெட்டும் மேஜையானது. வார் ஆணியில் தொங்கியது. பெட்டியக்காவின் முதுகு வலி குறைந்தது. அதுதான் உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு விடுமுறை நாள் காலை, அவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். இடது முழங்கால் விறைத்துப் போயிருந்தது. அதை மடக்கி, இந்தப் பக்கமாகச் சாய்த்தாள். எத்தனையோ நூறு தரம் செய்த காரியம். பட்டென்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம்? கட்டில் கால் போச்சா?" என்றார் அவர்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். குனிந்து பார்த்தாள். நாலு காலும் நன்றாக இருந்தது. நன்றாகத்தான் இருக்கு என்று சொல்ல நிமிர்ந்தபோது அவர் தொடையைப் பார்த்தாள். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அவருக்கு வலிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது. "அடிப்பாவி, என் காலா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ இருந்தது. "ஆணி வெச்சா பிடிக்காதும்மா. மாவா இருக்கு. கட்டுப் போட்டு வைக்கிறோம். இவரை நிக்க வெச்சதே இல்லையா?"

"ஒரு வருஷம் நிக்க வெச்சோம் சார். அப்புறம் விட்டுட்டோம்."

"ஏன் விட்டீங்க?"

அவள் படத்தில் இருந்த அந்தப் புகையையே பார்த்தாள். டாக்டர் கொஞ்சம் இறங்கி வந்தார். "விடாம இருந்தா உடைஞ்சிருக்கவே உடைஞ்சிருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் தாங்கியிருக்கும். இனிமே நிக்க வைக்கிற பேச்சே வேணாம். இன்னொரு காலும் போயிடும்."

மூன்று வாரம் அவள் லீவு. அந்த மூன்று வாரமும் பெட்டியை வேறொருவர் பார்த்துக்கொண்டார். தண்ணீரை நிரப்புவார், சூட்டைக் குறிப்பார், கதவைச் சாத்துவார். வேலையை வேலையாகப் பார்க்கிற மனிதர்.

திரும்பி வந்த முதல் நாள், கண்ணாடி மேடம் வாசலுக்கே ஓடி வந்தாள். கணவரைப் பற்றி விசாரித்தாள், வருத்தப்பட்டாள், பிறகு அடக்க முடியாமல் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். "இன்னொரு தடவை பண்ணிப் பார்த்தேன்க்கா. இந்தத் தடவை வந்துடுச்சு! ஆட்டின தட்டைப் பாருங்க, சும்மா இருந்ததைப் பாருங்க. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். போன தடவையெல்லாம் ஏன் வரலைன்னுதான் புரியல. அதே செல், அதே மெஷின், அதே பெட்டி. எல்லாம் அதேதான்."

பெட்டியக்கா பெட்டியைப் பார்த்தாள். கீழ் அடுக்கைப் பார்த்தாள். எல்லாம் அதே இல்லை. ஒரு ஆள் மட்டும் இந்தத் தடவை இல்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, வேலையும் பத்திரம். ஆனால் வயிற்றில் அதை வைத்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. "மேடம், சும்மா இருந்த தட்டை நான் ஆட்டினேன்" என்றாள்.

"எப்போ?"

"எப்பவும். காலையில அஞ்சு நிமிஷம், சாயங்காலம் அஞ்சு நிமிஷம். கையால. பாவமா இருந்துச்சு."

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று பெட்டியக்கா காத்திருந்தாள். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் கண் மெல்லப் பெரிதானது. அவள் கேட்டது இது. "அஞ்சு நிமிஷமா? நான் ஒரு மணி நேரம் மெஷின்ல வெக்கிறேன். நீங்க கையால ஆட்டின அஞ்சு நிமிஷமே அதுங்களுக்குப் போதுமா இருந்துச்சா? அக்கா, இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? எல்லாத்தையும் ஒண்ணு விடாம எனக்குச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சொன்னாள். எந்தக் கையால், எந்தப் பக்கம் சாய்த்து, எவ்வளவு மெல்ல, எல்லாம். பேனா ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அஞ்சு நிமிஷம் போதும், அஞ்சு நிமிஷம் போதும் என்று அவள் காதில் வேறொன்று ஓடியது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்கள். இங்கே ஆராய்ச்சி என்கிற அரசன் பொய் சொல்லவில்லை. அரசனுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தவள் இவளே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். பீரோக்காரர் மல்லாந்து கிடந்தார். கட்டுப் போட்ட கால் தலையணை மேல் இருந்தது. தெருவில் ஏதோ லாரி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் இருந்து கடைசி வரை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் விட்டத்து விரிசலைப் பார்த்தபடியே கேட்டார்.

"தினமுமா ஆட்டினே?"

"தினமும்."

"உடம்பு சரியில்லாத நாள்லகூட?"

"ஆமாங்க. முதுகு வலிச்ச நாள்லகூட."

"என்னைப் பலகையிலேர்ந்து இறக்கினதுக்கு அப்புறமும்?"

அதை அவள் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. இறக்கின மறுநாளும் ஆட்டினாள். அதற்கடுத்த எட்டு மாதமும், கூடத்தில் யார் தட்டுச் சும்மா கிடந்தாலும், ஆட்டினாள்.

"கண்ணுக்கே தெரியாதது அது" என்றார் பீரோக்காரர். குரலை உயர்த்தவில்லை. "பேரில்ல, வாயில்ல, ஆட்டுன்னு கேக்கவும் இல்ல. அதுக்குக் குடுத்தே. நான் வாயைத் திறந்து கேட்டேனேடி. அஞ்சு நிமிஷம்னுதானே கேட்டேன்."

அவள் அழவில்லை. அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவர் தலையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடித்தது. திருப்பிப் போடும் நேரம்.

"ம், திருப்பு" என்றார்.

அவள் எழுந்தாள். ஒரு கையை அவர் தோளுக்கு அடியில் கொடுத்தாள், காய்ப்பு இருந்த இடத்தில். இன்னொரு கையை உடையாத தொடைக்கு அடியில் கொடுத்தாள். இடுப்பில் பலம் இருந்தது, முதுகு வலிக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கத் தெரியாத அந்தக் கை இப்போது தூக்க மாட்டேன் என்றது. அப்படியே நின்றாள். ஐந்து நிமிஷம் ஆகியும் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் அவரே மாடியைப் பார்த்துத் தையல்காரரைக் கூப்பிட்டார்.